இடிப்பதா, நீட்டுவதா, மாடி எடுப்பதா: பழைய வீட்டுக்கு ஐந்து வழிகள்

பொங்கல் முடிந்த மறுவாரம் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் வீட்டு வேலைகள் எடுத்துச் செய்கிறவன் நான். பேசுகிறவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். "சார், அப்பா காலத்து வீடு. இடமெல்லாம் நிறைய இருக்கு, ஆனா வசதிப்படலை. இடிச்சிட்டுக் கட்டிடலாமா, இல்ல மேல ஒரு மாடி எடுத்துக்கலாமா?" கேள்வியிலேயே இரண்டு பதிலை அவரே வைத்துவிடுவார். எனக்குத் தெரிந்து வழிகள் ஐந்து. அவர் விட்டுவிட்ட மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் அந்த வீட்டுக்குப் பொருந்துகிறது.

இந்தப் பக்கத்து வீடு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மனை இருபது, இருபத்திரண்டு அடி அகலம். நீளம் எண்பதிலிருந்து நூறு அடி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும். வாசலில் திண்ணை, அப்புறம் உள்ளே போகிற நடையான ரேழி, முற்றம், தாழ்வாரம், கூடம், அடுக்களை, கடைசியில் கொல்லை. முன்பாதி நாட்டு ஓடு, இல்லையென்றால் மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட தட்டைக் கூரை. 1980 வாக்கில் துபாயிலிருந்து யாரோ அனுப்பிய பணத்தில் பின்பாதியை மட்டும் இடித்துக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். ஆக, ஒரே கதவு எண்ணுக்குள் இரண்டு வயதில் இரண்டு கட்டடம். அறைகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்று. அடுக்களைக்குப் போக யாரோ ஒருவர் படுத்திருக்கிற அறையைத் தாண்ட வேண்டும். கழிவறைக்குப் போக அடுக்களையைத் தாண்ட வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், வலி எங்கே என்று தெரிய வேண்டும். வருகிறவர்களிடம் ஒரு நோட்டு வைத்துப் பத்து நாள் எழுதச் சொல்வேன். யார் யாரோடு எதற்காக முட்டிக்கொண்டார்கள், எந்த நேரம், எந்த இடம். திருவிடைமருதூர்ப் பக்கம் ஏழு பேர் இருந்த ஒரு வீட்டில் இரண்டு அறை கூடுதலாக வேண்டும் என்று கேட்டார்கள். நோட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில், குளியலறை வாசலில் நடந்த சண்டை. அவர்களுக்குக் குறைந்தது குளியலறைதான். அதை மட்டும் கட்டினோம். படுக்கையறை பற்றி அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை.

இரண்டாவது, சுவரும் கூரையும் எதனால் ஆனவை. ஒரு மூலையில் பூச்சைக் கொஞ்சம் தட்டி எடுத்துவிட்டு, செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்தை வீட்டுச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் மண் சாந்தோ, வலுவிழந்த சுண்ணாம்போ. சாவிதான் தேய்கிறது என்றால் சிமெண்ட். கான்கிரீட் கூரையை அடியிலிருந்து சுத்தியல் பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். டொப்பென்று கேட்கிற இடத்தில் உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் காரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்கு உத்திரங்களின் நுனியைப் பாருங்கள், சுவருக்குள் நுழைகிற இடத்தை. ஈரமும் கரையானும் ஆரம்பிப்பது அங்கேதான். நடுவில் கம்பீரமாக நிற்கிற உத்திரம் நுனியில் கையோடு பிய்ந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பத்திரம் யார் பேரில். சிமெண்ட் விலை விசாரிப்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும். அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டியும் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பூர்வீகச் சொத்து என்றால் தமிழ்நாட்டில் 1989-லேயே திருமணமாகாத மகள்களுக்குப் பங்கு வந்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களையும் சேர்த்தது. கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, அக்கா கேட்க மாட்டாள் என்று பேசுவார்கள். அக்கா கேட்க மாட்டார்தான். அக்கா வீட்டுக்காரர் கேட்பார். கையெழுத்து வாங்காத வீட்டில் நாற்பது லட்சத்தைப் போடுவதும் கொல்லையில் குழி தோண்டிப் புதைப்பதும் ஒன்று.

நான்காவது, பத்து வருடம் கழித்து அங்கே யார் இருப்பார்கள். எழுபது வயது அம்மா மட்டுமா, ஓய்வுபெற்றுத் திரும்பி வருகிற நீங்களா, வாடகைக்காரரா? தீபாவளிக்கும் மகாமகத்துக்கும் வருகிற கூட்டத்தைக் கணக்கில் வைத்து அறை கட்டுகிறவர்கள் நிறைய. மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

ஐந்தாவது, பணமும் வேலை நடக்கும்போது தங்குகிற இடமும். இதில் கடன் வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய வருமான வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் புதிதாகக் கட்ட வாங்கிய கடனின் வட்டிக்கு வருடம் 2 லட்சம் ரூபாய் வரை கழிவு. அதற்குக் கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் வாங்கிய கடன் என்றால் கழிவு 30,000 ரூபாய்தான்.

## ஒன்று: சுவரைத் தொடாமல் அறைகளின் வேலையை மாற்றுவது

இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கொத்தனாருக்கு இதில் வேலை இல்லை, எனக்கும் பெரிதாக வருமானம் இல்லை.

பழைய கூடத்தில் நின்று கதவுகளை எண்ணுங்கள். நான்கு, ஐந்து இருக்கும். காற்றுக்காக வைத்தது. ஆனால் அத்தனை கதவு இருக்கும்போது ஒரு கட்டிலையோ பீரோவையோ சாய்த்துவைக்க முழுச் சுவர் ஒன்றுகூட மிஞ்சாது. கதவு சுவரின் நடுவில் இருந்தால் இரண்டு மூலையும் வீண். அந்த ஐந்தில் இரண்டை அடைத்தால் கூடத்தில் ஓர் அறை அளவு இடம் கிடைத்துவிடும். மூன்றடிக்கு ஏழடி வாசல் ஒன்றை ஒன்பது அங்குலச் சுவராக அடைக்க இருநூறு செங்கல் போதும், ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. பூச்சு மறுநாள்.

ரேழியில் படுத்திருக்கிற அம்மாவைக் கழிவறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுவது, அங்கே கிடக்கிற நெல் கொட்டிவைக்கும் குதிர், உடைந்த நாற்காலிகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவது, பரணை எடுத்துவிட்டு அதற்கு மேல் அடைபட்டிருக்கிற ஜன்னலைத் திறப்பது. இவ்வளவுதான் பல வீடுகளுக்குத் தேவைப்படுகிறது. செலவு பெயிண்ட், தச்சர், பிளம்பர்.

மறைமுகச் செலவு பணத்தில் வராது. "அந்த ரூம்ல உங்க அப்பா இருந்தாரு" என்று அம்மா ஒருமுறை சொன்னால் வேலை அப்படியே நின்றுவிடும். சாமி அறையை நகர்த்துவது அதைவிடக் கஷ்டம். ஒரு மாதம் ஒத்திகை பார்க்கச் சொல்வேன். கட்டில்களை மட்டும் மாற்றிப் போட்டு இருந்து பாருங்கள். சரிப்படவில்லை என்றால் திரும்பப் போட்டுவிடலாம். மற்ற நான்கு வழிகளில் அந்த வசதி கிடையாது.

## இரண்டு: உள்ளே இடித்து அமைப்பை மாற்றுவது

வீட்டின் வெளிக்கோடு அப்படியே இருக்கும். உள்ளே சில சுவர்கள் போகும், ஒரு நடைவழி வரும், குளியலறை நடுவீட்டுக்கு வரும், அடுக்களை கூடத்தோடு சேரும். பத்தில் ஐந்து வீட்டுக்கு என் பதில் இதுதான். தவறு அதிகம் நடப்பதும் இதில்தான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எந்தச் சுவரை எடுக்கலாம்? நீள்சதுர அறையில் கூரை பொதுவாக அகலவாட்டில் உட்காரும். அதாவது இரண்டு நீளச் சுவர்கள்தான் சுமக்கின்றன. மெட்ராஸ் டெரஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், உத்திர நுனிகள் எந்தச் சுவரில் நுழைகின்றனவோ அதுதான் சுமக்கிற சுவர். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் பெரும்பாலும் எதையும் சுமக்காது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். மேலே ஒரு பரணையோ தண்ணீர்த் தொட்டியையோ பிற்காலத்தில் அதன் தலையில் ஏற்றியிருப்பார்கள்.

ஒன்பது அங்குலச் சுவர், பத்தடி உயரம் என்றால், ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 400 கிலோ. அதன்மேல் கூரை எடை தனி. இப்படிப்பட்ட சுவரில் எட்டடி திறப்பு வேண்டும் என்றால் இடித்துவிட்டு பீம் போட முடியாது. பீம் போட்டுவிட்டுத்தான் இடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கூரைக்குச் சவுக்குக் கட்டையோ இரும்பு ஜாக்கியோ முட்டுக் கொடுத்து, சுவரின் ஒரு பக்கத்தில் பள்ளம் வெட்டி, பீமாக 'ப' வடிவ இரும்புச் சானல் ஒன்றைச் செருகி சாந்து இறுகவிட வேண்டும். அப்புறம் மறுபக்கம் இன்னொன்று. இரண்டையும் போல்ட்டால் பிணைத்த பிறகு அடியில் இருக்கிற செங்கல்லை எடுக்கலாம். சானல் நுனி உட்காருகிற இடத்தில் கான்கிரீட் திண்டு போடாவிட்டால், மண் சாந்துச் சுவர் அந்த இடத்தில் நசுங்கும். "ஒரே நாள்ல தட்டி எடுத்துடலாம் சார்" என்று சொல்கிற ஆளை அன்றே அனுப்பிவிடுங்கள்.

இடித்த கல்லும் மண்ணும் எங்கே போகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பத்துக்குப் பத்தடிச் சுவர் ஒன்று இடிந்தால் ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி குப்பை. நான்கு டன். அக்ரகாரத் தெருவுக்குள் லாரி வராது. வாசல் வழியாகச் சட்டியில் சுமந்து டிராக்டரில் ஏற்ற வேண்டும். அந்தக் கூலி மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது குளியலறை. கழிவுக் குழாய்க்கு நாலு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவீட்டில் குளியலறை, கொல்லையில் கழிவுநீர்த் தொட்டி, நடுவில் முப்பது அடி. ஏழரை அங்குலம் இறக்கம் வேண்டும். ஆகவே கூடத்துத் தரையை நீளமாகப் பிளந்து குழாய் புதைக்க வேண்டும். அந்தச் சிவப்புக் காவித் தரையோ ஆத்தங்குடிக் கல்லோ போனால் அதே நிறத்தில் ஒட்டுப்போட முடியாது, முழுத் தரையும் மாற்றுகிற செலவாக முடியும். செலவை மிச்சம் பிடிக்கச் சிலர் குளியலறையை ஆறு அங்குலம் உயர்த்திவிடுவார்கள். யாருக்காகக் குளியலறையை நடுவீட்டுக்குக் கொண்டுவந்தோமோ அந்த அம்மா அந்தப் படியில்தான் இடறி விழுவார். சுவரோரமாகக் குழாயைக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பொதுச் சுவர் ஓரமாக ஒரு அடி அகலத் தரையை மட்டும் எடுத்தால் முடிந்துபோகிற வீடுகளும் உண்டு. கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. உள்ளே விழுந்தால் திறக்க முடிய வேண்டும்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச்சு பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பிக்கொண்டு வரும். மின்சாரக் கம்பிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மரச் சட்டத்துக்குள் ஓடுகிற, எர்த் இல்லாத ஒயரிங்கில் ஏசியை மாட்ட முடியாது. இந்த வழியில் இறங்குகிறவர்கள் மதிப்பீட்டுக்கு மேல் நூற்றுக்கு இருபத்தைந்து தனியாக எடுத்துவைக்க வேண்டும் என்பது என் கணக்கு. பூச்சைத் தட்டும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற நான் என் வீட்டில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மழைச் சாரல் அடிக்கிறது, குரங்கு வருகிறது என்று முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடினேன். எட்டுக்குப் பத்து இடம் கிடைத்துவிட்டது என்று சாப்பாட்டு மேஜையும் போட்டாயிற்று. சித்திரையில் நடுவீடு அடுப்பு மாதிரி ஆனது. வீட்டுக்குள் இருக்கிற சூடு மேலே போக இருந்த ஒரே வழி அதுதான். பொதுச் சுவர் வீட்டில் பக்கத்து ஜன்னலே கிடையாதே. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மதியத் தூக்கத்துக்குப் பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போக ஆரம்பித்தார். மூன்றாவது நாள் எனக்கு உறைத்தது. தகட்டைக் கழற்றிவிட்டு இரும்புக் கம்பி வலை போட்டோம். அதற்கு மேல் இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுப் போகிற மாதிரி ஒரு சின்னக் கூரை. சாரல் இன்னும் கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது.

கூரை நன்றாக இருந்து, இடம் போதுமானதாக இருந்து, வழிதான் கோணல் என்றால் இந்த வழி. பாதி வீட்டில் வேலை நடக்கும்போது மறுபாதியில் இருந்துகொள்ளலாம் என்பது பெரிய மிச்சம். தூசி தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

## மூன்று: கொல்லைப் பக்கம் நீட்டுவது

கொல்லையில் இருபதடி சும்மா கிடக்கிறது, ஓர் அறையும் குளியலறையும் போட்டால் போதும் என்று தோன்றும். பழைய கட்டடத்தின் மேல் கை வைக்க வேண்டாம், வீட்டைவிட்டு வெளியேறவும் வேண்டாம். சரிதான். ஆனால் ரயிலில் இன்னொரு பெட்டி சேர்கிறது. இப்போது கடைசி அறையாக, கொல்லை வெளிச்சத்தோடு இருக்கிற அறை நடு அறையாகிவிடும், பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கும். புது அறைக்குப் போக அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். தப்பிக்க ஒரே வழி, புது அறையைப் பழைய சுவரோடு ஒட்டாமல் நடுவில் ஐந்தாறு அடி திறந்தவெளி விடுவது. இன்னொரு முற்றம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம்முடைய பெரியவர்கள் இரண்டு கட்டு, மூன்று கட்டு வீடு கட்டியது இப்படித்தான்.

அப்படி விடுவதில் இன்னொரு லாபம். டெல்டா களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஐம்பது வருடம் உட்கார்ந்து அடங்கிய பழைய அஸ்திவாரமும் நேற்றுப் போட்ட அஸ்திவாரமும் ஒரே மாதிரி இறங்காது. இரண்டையும் கட்டிப்போட்டால் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் வரும். எத்தனை முறை பூசினாலும் வரும்.

கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று கம்பியால் குத்திப் பாருங்கள். அதன்மேல் அறை கட்டக் கூடாது. தொட்டியை நகர்த்துவதென்றால் அது தனிச் செலவு. கிணற்றையும் அவசரப்பட்டுத் தூர்க்காதீர்கள், மழைநீரை இறக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர்ச் சேகரிப்பு எப்படியும் கட்டாயம். வரைபட அனுமதி வாங்காமல் பின்னால்தானே என்று கட்டுகிறவர்கள் வீட்டை விற்கும்போதோ அடமானம் வைக்கும்போதோ மாட்டிக்கொள்கிறார்கள்.

அம்மாவுக்குத் தரைத்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை, அல்லது மகளுக்குத் தனி வாசலோடு ஒரு தையல் கூடம் என்று தேவை ஒன்றே ஒன்றாக இருந்து, கொல்லைக்குப் பின்தெரு வழியும் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

## நான்கு: மாடி எடுப்பது

அண்ணன் தம்பி இருவர், கீழே ஒருவர் மேலே ஒருவர். அல்லது மாடி வாடகைக்கு. இந்த இரண்டு தேவைக்கும் மாடி சரி. கீழ்வீட்டு அமைப்பு கோணலாக இருக்கிறது என்பதற்கு மாடி மருந்தாகாது. கீழே இருக்கிற கோணல் கீழேயேதான் இருக்கும், மேலே ஏறிப்போகப் படிக்கட்டு வேறு இடத்தைத் தின்னும்.

எவ்வளவு தின்னும் என்று பாருங்கள். தரையிலிருந்து மேல் தளத்துக்குப் பத்தரை அடி. ஏழு அங்குலப் படி வைத்தால் பதினெட்டுப் படி. நடுவில் திரும்புகிற படிக்கட்டு என்றால் ஏழுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்றடி போய்விடும். கீழே ஓர் அறை குறைந்துவிட்டது. தெருப்பக்கம் வெளியே படி வைக்க இருபதடி வீட்டில் இடம் இருக்காது. வைத்தால் திண்ணை போகும்.

மண் சாந்துச் சுவரின் மேல் கான்கிரீட் மாடி வேண்டவே வேண்டாம். ஓட்டுக் கூரையைத் தாங்கக் கட்டிய சுவர் அது. 1980களில் சிமெண்டில் கட்டிய பின்பாதி தாங்கலாம், ஆனால் அஸ்திவாரத்தை ஓர் இடத்தில் தோண்டி ஆழமும் அகலமும் பார்த்துவிட்டுத்தான் ஒரு பொறியாளர் சொல்ல முடியும். தோண்டாமல் சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்கு முப்பது கிலோ கனக்கும். மேலே ஓர் அறைதான் வேண்டும் என்றால் இரும்புச் சட்டமும் நடுவில் தக்கை வைத்த கூரைத் தகடும் போட்டு எடையைக் குறைக்கலாம். மழை நாளில் சத்தம் கேட்கும், சிலருக்கு அது பிடிக்கிறது.

மறைமுகச் செலவில் முதலாவது, கூரையைத் திறந்து வைத்திருக்கிற நாட்கள். கீழே குடியிருந்துகொண்டு மேலே கட்டும்போது பழைய தளத்தின் தட்டோடுகளைப் பெயர்த்த பிறகு ஒரு மழை பெய்தால் போதும், கீழ்வீடு முழுக்க ஒழுகும். இரண்டாவது, வயது. இன்று ஐம்பத்தைந்து வயதில் மாடியில் படுக்கையறை கட்டுகிறவர் எழுபதில் கூடத்தில் கட்டில் போட்டுப் படுப்பார்.

## ஐந்து: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது

கான்கிரீட் கம்பி முழுக்கத் துருவேறிவிட்டது, சுவர்கள் மண், வீடு தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. இந்த மூன்றில் இரண்டு இருந்தால் இடித்துவிடுங்கள். பழசு என்பதற்காக மட்டும் இடிக்காதீர்கள்.

தெருவைவிடத் தாழ்வது இன்று எல்லா ஊரிலும் இருக்கிற துன்பம். ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். பழைய அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெரு உயர்ந்ததுதான். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே என்று கேட்பீர்கள். சிமெண்டில் கட்டிய, பக்கத்தில் ஒட்டாத வீட்டுக்கு அது நடக்கும். பொதுச் சுவர் வீட்டுக்கு எப்படித் தூக்குவது?

எங்கள் பக்கம் இப்போது சதுர அடிக்கு 2,300-லிருந்து 2,800 ரூபாய் வரை கேட்கிறார்கள். 1,500 சதுர அடிக்கு நடு விலையில் 38 லட்சத்துக்கு மேல். இதோடு நிற்காது. பன்னிரண்டு மாத வீட்டு வாடகை, அட்வான்ஸ், இரண்டு முறை சாமான் மாற்றுகிற கூலி. கட்டுமானத்துக்கு மின்சாரம் வீட்டுக் கட்டணத்தில் வராது, தற்காலிக இணைப்புக்குக் கட்டணம் அதிகம். இடிக்கும்போது பக்கத்து வீட்டுச் சுவர் துணையில்லாமல் நிற்கும்; அதில் விரிசல் விட்டால் அதுவும் உங்கள் கணக்கு. வேலைக்கு முன் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அவர் சுவரைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பழைய வீடு மனையின் விளிம்புவரை கட்டியிருக்கும். புது வீட்டுக்கு இன்றைய விதிப்படி முன்னாலும் பின்னாலும், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்ட அனுமதி உள்ள தொடர் கட்டடப் பகுதி இல்லையென்றால் பக்கத்திலும் இடம் விட வேண்டும். இருபதடி மனையில் ஒரு பக்கம் மூன்றேகால் அடி விட்டால் அறைகள் எப்படிச் சுருங்கும் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள். இதைப் பார்த்த பிறகு இரண்டாவது வழிக்குத் திரும்பியவர்கள் உண்டு. அனுமதி வாங்குவது முன்பைவிட எளிது: 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரையும் ஒரு மாடியுமாகக் கட்ட இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது.

மரத்தை மறக்காதீர்கள். இடிக்கிற ஆள் "கூலி வேண்டாம் சார், சாமானை எடுத்துக்கிறேன்" என்று சொன்னால் உங்கள் வீட்டில் தேக்கு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். நிலை, கதவு, தூண், உத்திரம் எல்லாவற்றையும் தச்சரை வைத்து அளந்து எழுதிய பிறகு பேரம் பேசுங்கள். வாசல் நிலையை மட்டுமாவது புது வீட்டுக்கு எடுத்து வைப்பவர்கள் பிறகு வருத்தப்பட்டதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | வேலை நாள் | வீட்டில் இருக்கலாமா | தெரியாமல் வருகிற செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| அறைகளின் வேலையை மாற்றுவது | 2 முதல் 4 வாரம் | இருக்கலாம் | மனத்தாங்கல் | இடம் இருந்தும் வசதி இல்லாதவர்களுக்கு |
| உள்ளே இடித்து மாற்றுவது | 2 முதல் 4 மாதம் | பாதி வீட்டில் | குப்பை, தரை, ஒயரிங் | கூரை நன்றாக, வழி கோணலாக இருந்தால் |
| கொல்லையில் நீட்டுவது | 3 முதல் 4 மாதம் | இருக்கலாம் | இருட்டு, தொட்டி, விரிசல் | தேவை ஓர் அறை மட்டும் என்றால் |
| மாடி எடுப்பது | 5 முதல் 6 மாதம் | சிரமப்பட்டு | படிக்கட்டு இடம், ஒழுகல் | இரண்டு குடும்பம், வாடகை |
| இடித்துக் கட்டுவது | 10 முதல் 14 மாதம் | முடியாது | வாடகை, விடவேண்டிய இடம், பக்கத்துச் சுவர் | கூரை போய்விட்டது, பத்திரம் தெளிவு |

இரண்டு வழிகளைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்கலாம். போன வருடம் முடித்த ஒரு வீட்டில் முன்பாதி ஓட்டையும் முற்றத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, கம்பி போன பின்பாதியை மட்டும் இடித்துக் கட்டினோம். அம்மா முன்பாதியிலேயே இருந்தார். வாடகை மிச்சம். நாற்பது வருடப் பின்பாதி போய்விட்டது, நூறு வருட முன்பாதி நிற்கிறது. பழசுதான் முதலில் விழும் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது ஆச்சரியம். எனக்கு இல்லை. அந்தக் காலத்துக் கான்கிரீட்டில் கம்பிக்குக் கீழே அரை அங்குலம்கூடக் காரை விட்டிருக்க மாட்டார்கள், துரு ஏறாமல் என்ன செய்யும்?

வாஸ்து பார்க்கிறவர்கள் வரைபடம் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அடுக்களைக் குழாய் புதைத்த பிறகு அக்னி மூலைக்கு மாற்றச் சொன்னால் தரையை மறுபடி உடைக்க வேண்டும்.

கூரையைத் திறக்கிற வேலை எதுவானாலும் தையில் ஆரம்பித்து ஆடிக்குள் மேலே மூடிவிட வேண்டும். ஆடியில் புது வேலை தொடங்க மாட்டார்கள், ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும், தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் பத்து நாள் கழித்துத்தான் வருவார்கள். பத்திரம், அக்காவின் கையெழுத்து, சுவர் சோதனை எல்லாம் கார்த்திகை மார்கழியில் முடித்து வைத்திருந்தால் தை முதல் வாரத்தில் முட்டுக் கட்டைகளை இறக்கலாம். இப்போது மாசி. இந்த வருடம் போன் செய்கிறவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: கட்டிலை மாற்றிப் போட்டு இருங்கள், அடுத்த தையில் பேசலாம்.